கயிறு தளரும் நொடி

அத்தியாயம் 6

அப்பளசாமியின் எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. அந்த உடம்புக்குப் போய் அப்படி ஒரு பெயரை வைத்தவர்கள் இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் தேடிப் போய் அவர்கள் மேலேயே உட்கார்ந்திருப்பார்.

அன்பரசி ஈஜோக் சாலையில் காரைத் திருப்பியபோது அவர் உருளைக்கிழங்கு அடைத்த மூன்றாவது கறிபாப்பை முடித்துவிட்டு விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

“பாஸ், ஒரு சந்தேகம். செத்துப்போன அந்தம்மா நாப்பத்தி நாலு கிலோ. நாப்பத்தி நாலையே தாங்காத லிப்டுல என்னைய ஏத்திவிட்டு என்னா கண்டுபிடிக்கப் போறீங்க?”

“தாங்குமா தாங்காதான்னு.”

“தாங்கலன்னா உங்களுக்கு விடை கெடச்சிரும். எனக்கு?”

“உங்களுக்கு நாலாவது கறிபாப் கெடைக்கும்.”

“ஆஸ்பத்திரிக்கே கொண்டாந்து குடுங்க. சூடா.”

அன்பரசி சிரிக்கவில்லை. சாலையின் இருபுறமும் எண்ணெய்ச் செம்பனை மரங்கள் வரிசை தப்பாமல் நின்றன. பதினொரு வருடம் தொழிற்சாலை தொழிற்சாலையாய் ஏறி இறங்கி இயந்திரங்களின் பாதுகாப்பைச் சோதித்தவள் அவள். கை போன மிஷின், விரல் போன மிஷின், தலைமுடியோடு தோலையும் இழுத்துக்கொண்ட மிஷின் என்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். ஒவ்வொன்றிலும் எங்கோ ஒரு நட்டு கழன்றிருக்கும், ஒரு மூடி காணாமல் போயிருக்கும். அந்த வேலையை விட்டுவிட்டு கோல சிலாங்கூரில் மீ நூடுல்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்து ஆறு வருடமாகிறது. செம்பனைக் குலை லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பளசாமி, முட்டி தேய்ந்து வண்டியை விட்டதும் அவளுக்கு உதவியாளராக வந்து சேர்ந்தார். முட்டி தேய்ந்தது. வாய் தேயவில்லை.

திலகாவின் வழக்கில்தான் கழன்ற நட்டு ஒன்றுகூட அகப்படவில்லை.

திலகாவுக்கு முப்பத்தெட்டு வயது. தமிழ்ப்பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். கணவன் சத்தியசீலன் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன். விடுமுறை நாட்களில் வீட்டில் எதையாவது செய்து, அதை வீடியோ எடுத்துப் போடுகிறவன். இரண்டு வருடத்துக்கு முன் சொந்தமாக ஒரு மூன்று சக்கர வண்டி செய்தான். மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓட்டிப் பார்த்தான். பிரேக் பிடிக்கவில்லை. அவன் குதித்துவிட்டான். அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போனது.

அந்தப் பாவத்துக்குப் பரிகாரம் போல, வீட்டுக்குள்ளேயே அவளுக்கு ஒரு லிப்ட் கட்டினான். அந்த வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். மூன்று வாரத்துக்கு முன், திலகாவோடு மேல்மாடிக்கு ஏறிய லிப்ட், மேலே போய் நின்ற கணத்தில் கப்பியிலிருந்து கயிறு நழுவி, சக்கர நாற்காலியோடு சிமெண்ட் தரையில் விழுந்தது.

விபத்து என்று கோப்பு மூடப்பட்டது. ரவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் திலகாவின் தங்கை விமலா மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. முதல் நாள் அலுவலகத்துக்கு வந்தவள் ஒரே ஒரு காரணம்தான் சொன்னாள்.

“மாமா அழுறாரு மேடம். ஆனா கேமராவ ஆன் பண்ணிட்டு அழுறாரு.”

*

சத்தியசீலன் வாசல் கேட்டிலேயே காத்திருந்தான். ஒல்லியான ஆள், மூக்குக் கண்ணாடி, நெஞ்சில் அவன் சேனலின் பெயர் போட்ட சட்டை. சட்டை கறுப்பு, எழுத்துகள் மட்டும் பளிச்.

“வாங்க மேடம். விமலா பதினோரு மணிக்கு வந்துரும். இன்னிக்கு அவதான் மொதல்ல ஏறணும். திலகா பேர்லயே இந்த லிப்ட்ட வெக்கப் போறேன். எந்த வீட்டுலயும் இப்டி நடக்கக் கூடாதில்ல? கப்பிய மாத்திட்டேன், கயிறும் புதுசு.”

“அதுக்குள்ள நாங்க ஒரு பார்வ பாத்துக்கறோம்.”

“தாராளமா. எங்கிட்ட ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல.”

இரண்டு மாடி வரிசை வீடு. கீழ்த்தளத்தில் சோபா இல்லை, சாமி மேடை இல்லை, சாப்பாட்டு மேசைகூட இல்லை. கடைசல் மிஷின், பாதி பிரித்த நீர்மூழ்கி, நெல் வயலுக்கு மருந்தடிக்கச் செய்த ட்ரோன் என்று தரையே தெரியவில்லை. திலகாவின் அறை மேல்மாடியில்.

“நடக்க முடியாதவங்கள மேல வெச்சிருந்தீங்களா?” என்றாள் அன்பரசி.

“கீழ எடமில்லையே மேடம்.”

அவன் அதை மிகச் சாதாரணமாகச் சொன்னான். அப்பளசாமி அன்பரசியைப் பார்த்தார்.

லிப்ட் கூடத்தின் மூலையில் நின்றது. கம்பிக் கூண்டு ஒன்று. அதைத் தூக்கும் எஃகுக் கயிறு மேலே ஒரு கப்பியைச் சுற்றி மறுபக்கம் இறங்கியது. அந்தப் பக்கத்து முனையில், கூண்டின் பாரத்தை ஈடுகட்ட, மஞ்சள் வர்ணமடித்த இரும்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தொங்கின. கூண்டுக் கதவுக்கு மேலே சிவப்பு எண்கள் காட்டும் சின்னத் திரை.

“நாற்காலிய கழிச்சி, ஏறினவங்க எடை மட்டும் அதுல தெரியும். என்னோட ஐடியா,” என்றான்.

அன்பரசி கயிற்றைத் தடவிப் பார்த்தாள். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். தகடுகளைத் தொட்டபோது விரலில் மஞ்சள் ஒட்டியது. எல்லாமே முறுக்காக, சுத்தமாக, ஒழுங்காக இருந்தது. அதுதான் எரிச்சலாகவும் இருந்தது.

“எப்டி விழுந்துச்சின்னு நெனைக்கறீங்க?”

“தலையெழுத்து மேடம். கணக்குல தப்பே இல்ல. வாங்க, காட்டறேன்.”

சமையலறையாக இருக்கவேண்டிய இடத்தில் கணினி இருந்தது. அவன் ஒரு பொத்தானைத் தட்டியதும் திரையில் லிப்ட்டின் கோட்டுப்படம் ஏறி இறங்கியது. பக்கத்தில் முப்பது கிலோவிலிருந்து நூற்றிருபது வரை வரிசையாக எடைகள். ஒவ்வொன்றுக்கு நேராகவும் பச்சை விளக்கு.

“நெசத்துல ஏத்திப் பாக்கறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்லயே ஏத்திப் பாக்கறது. பத்தாயிரம் தடவ ஓட்டிட்டேன். ஒரு தடவகூட விழல. போலீஸ்கிட்டயும் காட்டினேன்.”

“எப்டிக் கணக்குப் பண்ணுது?”

அவன் குரல் வீடியோக் குரலுக்கு மாறியது. “கூண்டு இப்ப எங்க இருக்கு, என்னா வேகத்துல போவுது, கயிறு எவ்ளோ பலமா இழுக்குது. இந்த மூணும் தெரிஞ்சா அடுத்தாப்ல எங்க இருக்கும்னு சொல்லிறலாம். அப்புறம் அதுக்கு அடுத்தாப்ல. இப்டியே அடி அடியா வெச்சி மேல வரைக்கும் போயிரும்.”

“அடுத்தாப்லன்னா எவ்ளோ நேரம் கழிச்சி?”

“அது... அதெல்லாம் ப்ரோக்ராம் பாத்துக்கும்.”

“ப்ரோக்ராம் யாரு எழுதினது?”

“நான்தான்.”

அன்பரசி திரும்பி அப்பளசாமியைப் பார்த்தாள். ஆறு வருடப் பழக்கம். அவருக்கு அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை.

“சார்,” என்று அவர் சத்தியசீலனின் தோளில் கை போட்டார். “நூத்திருவது வரைக்கும் பச்சன்னு சொல்றீங்க. நான் நூத்திப் பன்னெண்டு. காலையில சாப்ட்டத சேத்தா பச்சையா செவப்பா தெரியல. வாங்க லா, பாத்துருவோம். விழுந்தா நீங்க கூடவே நிக்கணும், சாட்சி வேணுமில்ல?”

*

கூடத்திலிருந்து மோட்டார் சத்தம் கேட்டது. கூடவே அப்பளசாமியின் குரலும். “சார், ஆடுது சார்! ஆடலயா? அப்ப நான்தான் ஆடறேன். திரும்ப ஒருக்கா கீழ எறக்குங்க, மனசு சரியில்ல.”

அன்பரசி கணினியின் முன் உட்கார்ந்து ப்ரோக்ராமைத் திறந்தாள். முதல் வரியிலேயே தமிழில் ஒரு குறிப்பு இருந்தது. வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற தொனி: இது என்ன செய்கிறது, ஏன் செய்கிறது, எங்கே தப்பு வரும். ஒல்லி மனிதனின் குரல் அதில் எங்குமே இல்லை. இது ஒரு டீச்சர் எழுதியது.

நேர அடியை, அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் விடும் இடைவெளியை, அவள் தேடினாள். இருந்தது. ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு. அதற்குப் பக்கத்திலேயே திலகாவின் குறிப்பு: *ஆயிரத்தில் ஒன்றாகவே இருக்கட்டும். பெரிதாக்கினால் தளர்ச்சி தெரியாது.*

யாரோ பெரிதாக்கியிருந்தார்கள்.

அன்பரசி அதை ஆயிரத்தில் ஒன்றாக மாற்றி ஓட்டினாள். நூற்றிருபது கிலோ, பச்சை. எழுபது, பச்சை. ஐம்பது, பச்சை. நாற்பத்தாறு, பச்சை.

நாற்பத்தைந்து, சிவப்பு. அதற்குக் கீழே எல்லாமே சிவப்பு.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். உடனே பிடிபடவில்லை. பாரம் கூடினால்தானே அறுந்து விழும்? குறைந்தால் எப்படி? பிறகு, குலை இறக்கிவிட்டுத் திரும்புகிற லோரியைப் பற்றி அப்பளசாமி அடிக்கடி புலம்புவது ஞாபகத்துக்கு வந்தது. பாரம் ஏற்றின லோரி குழியில் அமுங்கிப் போகும். காலி லோரிதான் துள்ளும். ஓட்டுகிறவனின் தலை கூரையில் இடிக்கும்.

லிப்ட்டும் அதுவேதான். மேலே போகிற கூண்டைச் சடாரென்று நிறுத்தினால், கனமான ஆள் இருந்தால் கயிறு விறைப்பாகவே இருக்கும். லேசான ஆள் இருந்தால் கூண்டு ஒரு துள்ளு துள்ளும். அந்தத் துள்ளலில் கயிறு தளரும். தளர்ந்த கயிறு கப்பியின் பள்ளத்தை விட்டு வெளியே வழுக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு நொடியின் நூற்றில் மூன்று பங்குதான். பத்தில் ஒரு பங்குக்கு ஒரு முறை கண் திறந்து பார்க்கிற கணக்குக்கு, துள்ளுவதற்கு முன்பும் கயிறு விறைப்பு, துள்ளி முடித்த பின்பும் விறைப்பு. நடுவில் ஒரு பெண் செத்துப் போவது அதற்குத் தெரியாது.

சரி, அரைகுறை ஆள் கணக்கில் செய்த பிழையா? அப்படித்தான் ஒரு நிமிடம் அவளும் நம்பினாள்.

அப்போதுதான் மூன்றாவது வரி கண்ணில் பட்டது. *ஒவ்வொரு ஓட்டத்தையும் வருகைப் பதிவில் எழுது.*

டீச்சர் புத்தி! ப்ரோக்ராமை யார் எப்போது ஓட்டினாலும் அது தானாகவே ஒரு கோப்பில் ஒரு வரி எழுதிவைத்தது. தேதி, எடை, தகடுகளின் எண்ணிக்கை, நேர அடி, விடை. அன்பரசி அந்தக் கோப்பைத் திறந்தாள்.

ஆரம்பத்தில் திலகா பல எடைகளைப் போட்டுப் பார்த்திருந்தாள். கடைசியில் ஒரு குறிப்பு: *46க்குக் கீழே கூடாது. சீலனிடம் சொல்லிவிட்டேன்.*

அதற்குப் பிறகு இரண்டு மாதம் எதுவுமில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐம்பத்து நாலு கிலோ, பச்சை. அடுத்த ஞாயிறு ஐம்பத்து இரண்டு. அடுத்தது ஐம்பத்து ஒன்று. பிறகு நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு. ஒரு வாரம் எடை இறங்கவில்லை. அந்த வாரம் புதன்கிழமையும் சத்தியசீலன் ஒரு முறை ஓட்டியிருந்தான், பொறுமையில்லாமல். நாற்பத்தாறு. பிறகு நாற்பத்தைந்து.

சிவப்பு.

அந்தச் சிவப்புக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு நின்றுவிட்டது. ஐந்து நாளில் திலகா இறந்தாள். மறுநாள் தேதியில், நேர அடி பத்தில் ஒன்றாக மாற்றி, எல்லா எடைக்கும் பச்சை. போலீசுக்குக் காட்டியது அது.

இத்தனை நாளாக அவள் தேடியது கழற்றிய நட்டை, அறுத்த கயிற்றை. அவன் லிப்ட்டில் கையே வைக்கவில்லை. அவன் மாற்றியது ஒரே ஓர் எண்ணை. மனைவியின் எடையை.

பதிவில், இன்றைய ஓட்டங்களுக்கு முன்னால், இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. நேற்று மாலைத் தேதி, நேர அடி மறுபடி ஆயிரத்தில் ஒன்று. நாற்பத்தேழு கிலோ, தகடு பதினாலு, பச்சை. நாற்பத்தேழு கிலோ, தகடு பதினைந்து, சிவப்பு.

எதிர்ப்பக்கம் ஒரு தகடு கூடினால், கூண்டில் இருக்கிறவர் அந்த அளவுக்கு லேசாகிவிடுவார். யார் அது நாற்பத்தேழு? திலகா போய்ச் சேர்ந்து மூன்று வாரமாகிறது.

அவள் பையைத் திறந்து விபத்தன்று எடுத்த போலீஸ் படத்தை எடுத்தாள். தரையில் சாய்ந்து கிடந்த மஞ்சள் தகடுகளை விரல் வைத்து எண்ணினாள். பதினாலு. விரலில் இன்னும் ஈர மஞ்சள் இருந்தது.

கூடத்தில் மோட்டார் சத்தம் நின்றிருந்தது. சத்தியசீலனின் வீடியோக் குரல் கேட்டது. “...திலகாவோட தங்கச்சி விமலா, இன்னிக்கு நம்ம லிப்டுல மொதல் பயணம்...”

அன்பரசி எழுந்து ஓடினாள்.

கூண்டுக்குள், சக்கர நாற்காலியில் விமலா உட்கார்ந்திருந்தாள். மடியில் அக்காவின் படம். கேமரா காலூன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கதவுக்கு மேலே சிவப்பு எண்கள்: 47.

“ஒண்ணு,” என்றான் சத்தியசீலன். கையில் ரிமோட். “ரெண்டு...”

“சாமி! உள்ள ஏறுங்க!”

அப்பளசாமி எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிறவர். இந்த ஒரு முறை கேட்கவில்லை. கூண்டுக்குள் பாய்ந்து, நாற்காலியின் பின்னால் தன்னைத் திணித்துக்கொண்டு கதவை இழுத்தார். எண் 159 ஆனது. மூன்று சொல்லிவிட்ட சத்தியசீலனின் கட்டைவிரல் அதற்குள் பொத்தானை அமுக்கியிருந்தது.

கூண்டு ஏறியது. அன்பரசி கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே போய் நின்றது. ஒரு சின்ன அதிர்ச்சி. கயிறு வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இருந்தது.

“கீழ எறக்குங்க,” என்றாள்.

இறக்கினான். அவன் கண் கேமரா பக்கம் போனது.

“அத நிறுத்தாதீங்க. ஓடட்டும். விமலா, நீ வெளிய வா. சாமி, நீங்களும்.”

“பாஸ், என்னா நடக்குதுன்னு இப்பயாச்சும் கேக்கலாமா?”

“கேக்கறதுக்கு முன்னாடி தண்ணித் தோங் ரெண்டு எடுத்து வாங்க. இருவது லிட்டர் தோங். அந்த அஞ்சு லிட்டர் போத்தல் ஒண்ணு. ஒரு லிட்டர் சின்னது ரெண்டு.”

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. அப்பளசாமி ஒவ்வொன்றாகச் சக்கர நாற்காலியில் அடுக்கினார். திரையில் எண் ஏறியது. நாற்பது. நாற்பத்தைந்து. நாற்பத்தேழு.

“மேடம், இதெல்லாம் எதுக்கு? அதான் நல்லா ஏறி எறங்கிருச்சே...” சத்தியசீலனின் கையிலிருந்த ரிமோட்டை அன்பரசி வாங்கிக்கொண்டாள். அவன் பேசிக்கொண்டே கூண்டை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான். அவன் நகர்ந்ததை அப்பளசாமியும் பார்த்தார், கேமராவும் பார்த்தது.

அவள் பொத்தானை அமுக்கினாள்.

கூண்டு முன்னைவிட வேகமாக ஏறியது. மேலே போய்ச் சடாரென்று நின்றது. ஒரு துள்ளல், கண்ணுக்கே தெரியாத அளவு. உச்சியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அடுத்து வீடே அதிர்ந்தது. விழுந்து முடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. தோங் இரண்டும் வெடித்து, தண்ணீர் கூடம் முழுக்கப் பரவி, விமலாவின் காலடி வரை வந்து நின்றது. நாற்காலியின் ஒரு சக்கரம் மட்டும் தனியாக உருண்டு சுவரில் முட்டியது.

விமலா அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் அக்கா எப்படிச் செத்தாள் என்பதை அவள் இப்போதுதான் பார்த்திருந்தாள். அதில் தான் எப்படிச் சாகவிருந்தோம் என்பதும் இருந்தது.

“போன வாரம் இதுலயே ஒக்கார வெச்சி போட்டோ எடுத்தீங்களே, மாமா,” என்றாள் மெதுவாக. “எடை பாக்கத்தானா?”

அவன் அன்பரசியைத்தான் பார்த்தான். பயந்த பார்வை இல்லை அது. தன் வேலையைக் கடைசியில் ஒருவராவது புரிந்துகொண்டார்களே என்கிற மாதிரி ஒரு பார்வை.

“கயித்த அறுத்தேனா மேடம்? போல்ட்ட கழட்டினேனா? அந்த நாப்பத்தாறுங்கற நம்பரையே அவதான் சொன்னா. எடை கொறஞ்சா முதுகுக்கு நல்லதுன்னு சொன்னேன். காலையில ஒரு கப் ஓட்ஸ், ராத்திரி ஒரு கப். அவளே கணக்குப் பாத்து நோட்டுல எழுதி வெப்பா, இந்த வாரம் ஒரு கிலோ, இந்த வாரம் ரெண்டு கிலோன்னு. அவ்ளோ சந்தோசம் அவளுக்கு. சோறு கொறச்சிப் போட்டா கொலையா?”

“நாப்பத்தஞ்சுக்கு வந்துட்டோம்னு அவங்களுக்குத் தெரியாதா?”

“இருவது கிலோ மணல் மூட்டை கூண்டுக்கு அடியில கட்டிட்டேன், பயப்படாதன்னு சொன்னேன். அவளால குனிஞ்சா பாக்க முடியும்?”

அப்பளசாமி ஒரு அடி முன்னால் வைத்தார். அன்பரசி கையை நீட்டித் தடுத்தாள்.

“எதுக்கு?” என்றாள்.

“அடுத்த வீடியோல அவளே பேசப் போறாளாம். கணக்கெல்லாம் அவ போட்டதுன்னு சொல்லப் போறாளாம். ரெண்டு லட்சம் பேர் மேடம். எல்லாரும் என்னைத்தான் என்ஜினியர்னு கூப்புட்டாங்க.”

“விமலா?”

“அவகிட்டயும் அதச் சொல்லி வெச்சிருந்தா.”

அன்பரசி தலையாட்டினாள். “திலகா சாவுக்கு கோர்ட்டு என்னா சொல்லுமோ எனக்குத் தெரியாது, சீலன். ஆனா நேத்து நீங்க ஒரு தகடு சேத்தீங்க. பதினஞ்சாவது. பெயிண்ட்கூட இன்னும் காயல. எத்தினி கிலோ ஆளுக்காகச் சேத்தீங்கன்னு கம்ப்யூட்டர்ல பதிவாயிருக்கு.”

“பதிவா? நான் எதையும் சேவ் பண்ணலயே.”

“நீங்க பண்ண வேணாம். அதுவே எழுதிக்கும். ப்ரோக்ராம்ல மூணாவது வரி. தமிழ்லதான் எழுதியிருக்காங்க. இத்தினி மாசமா ஓட்டியிருக்கீங்க, நேர நம்பர மட்டும் மாத்தியிருக்கீங்க, ஒரு தடவகூட மொதல்லேருந்து படிக்கல.”

அப்போதுதான் அவன் முகம் மாறியது. மனைவி செத்ததைச் சொன்னபோது மாறாத முகம்.

“அத... அத வெளிய சொல்லாதீங்க மேடம்,” என்றான். “ப்ரோக்ராம் படிக்கத் தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க.”

கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது.

*

போலீஸ் வண்டி அவனை ஏற்றிக்கொண்டு போனபோது மதியம் ஒரு மணி. கணினியையும் கேமராவையும் பதினைந்து தகடுகளையும் தனியாக எடுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலி ஓரமாக நின்று பார்த்துவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

விமலா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அன்பரசி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அப்பளசாமி தண்ணீரைத் துடைப்பத்தால் வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

“அக்காவுக்குப் பசிச்சிருக்கும்ல மேடம்?”

அன்பரசிக்குப் பொய் சொல்ல வரவில்லை. “பசிச்சிருக்கும்.”

“ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நான் சமைச்சி எடுத்துட்டு வருவேன். கோழி பெரட்டல், நண்டு கொழம்பு, அக்காவுக்குப் புடிச்ச உருண்டை. மாமா கேட்டுக்கே வந்து வாங்கிக்குவாரு. அக்கா தூங்குறா, எழுந்ததும் குடுக்கறேன்னு சொல்லுவாரு. அடுத்த வாரம் வந்தா டப்பா காலியா இருக்கும்.”

அவள் கையிலிருந்த படத்தைத் திருப்பி மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“நல்லாக் கழுவி, தொடச்சி, மூடிகூட மாறாம குடுப்பாரு மேடம். எங்க லயத்துல குடியிருக்கற ஆளுங்ககிட்டலாம் சொல்லியிருக்கேன். எங்கக்காவுக்குக் கெடச்ச மாதிரி ஒரு மனுசன் யாருக்குக் கெடைப்பான்னு.”

துடைப்பத்தின் சத்தம் நின்றது. அப்பளசாமி வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்வார் என்று அன்பரசி காத்திருந்தாள். அவர் குனிந்து, ஏற்கெனவே தள்ளி முடித்த இடத்தையே மறுபடி தள்ளினார்.